குஸ்திக்கு இரண்டு நாள் கொடுங்கள்

காமன்வெல்த் விளையாட்டு அமைப்பின் தலைவருக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம்.

நான் விளையாட்டு வீரன் இல்லை, பயிற்சியாளரும் இல்லை. வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மதுரைக்காரன். கிளாஸ்கோ 2026 போட்டிப் பட்டியலில் மல்யுத்தம் இல்லை என்று தெரிந்த நாளிலிருந்தே உங்களுக்கு எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 2030 போட்டிக்கான பட்டியல் இன்னும் முழுதாக முடிவாகவில்லை என்பதால், இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று உட்கார்ந்துவிட்டேன்.

மதுரைக்காரனுக்கு மல்யுத்தத்தோடு என்ன உறவு என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

2016-ல் பதவி உயர்வோடு எனக்கு ஹரியானாவுக்கு மாற்றல் வந்தது. சோனிப்பட்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு வீட்டு மாடியில் மூன்று வருஷம் குடியிருந்தோம். கீழே வீட்டுக்காரர் குடும்பம். அவருக்கு எழுபது வயது. ஊரே அவரைத் ‘தாவூ’ என்று கூப்பிடும், நம் ஊர்ப் பெரியப்பா மாதிரி. நாங்களும் தாவூஜி என்றே கூப்பிட்டோம். அவருடைய பேத்திக்கு அப்போது பத்து வயது. அவள் பெயரை ஊரறிய எழுத எனக்கு உரிமை இல்லை. பாப்பா என்று வைத்துக்கொள்கிறேன்.

விடியற்காலை நான்கு மணிக்குக் கீழ்வீட்டில் கல்லில் பாதாம் அரைக்கும் சத்தம் கேட்கும். அதுதான் எங்களுக்கு அலாரம். முந்தின இரவே ஊறவைத்துத் தோலுரித்த பாதாமை அரைத்து, எருமைப் பாலில் கலக்கி, மேலே ஒரு கரண்டி நெய் விட்டுப் பாப்பாவின் அம்மா அவள் கையில் கொடுப்பார். குடித்துவிட்டுத் தாத்தாவின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொள்வாள். டிசம்பர் மாதம் அந்த ஊரில் மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அந்தப் பனியிலும் ஸ்கூட்டர் கிளம்பாத நாளை நான் பார்த்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். அகாடா என்று சொல்வார்கள், குஸ்தி பழகும் களம். ஒரு பக்கம் மண் குழி. அந்த மண்ணில் மஞ்சள், கடுகெண்ணெய், மோர் எல்லாம் சேர்த்து, மண்வெட்டியால் தினமும் கொத்திப் பதமாக்கி வைத்திருப்பார்கள். கையில் அள்ளினால் புட்டு மாவு மாதிரி உதிரும். உள்ளே இறங்கும் ஒவ்வொருவரும், நாம் கோயில் படியைத் தொட்டுக் கும்பிடுவது போல, அந்த மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டுதான் இறங்கினார்கள். மறுபக்கம் தகரக் கூரைக்குக் கீழே ஓரமெல்லாம் ஒட்டுப்போட்ட பழைய மேட். அது பெண் பிள்ளைகளுக்கு. எண்ணிப் பார்த்தேன், 22 பேர் இருந்தார்கள். வீட்டில் தலை முக்காடு விலகாத அம்மாக்களின் பிள்ளைகள், அங்கே ஒருத்தியை ஒருத்தி தோளில் தூக்கிச் சுழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இன்னொரு நாள் பாப்பா மாடிக்கு ஓடி வந்தாள். வலது காது வீங்கிச் சிவந்திருந்தது. குஸ்தி பழகுகிறவர்களுக்குக் காது அடிபட்டு அடிபட்டு உள்ளே ரத்தம் கட்டி, பிறகு அப்படியே இறுகிப் பூக்கோசு மாதிரி ஆகிவிடும். பெரிய பயில்வான்கள் எல்லோருக்கும் காது அப்படித்தான் இருக்கும். கீழே அவள் அம்மா அழுதுகொண்டிருந்தார். நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்கள் என்ற கவலை. இவளோ என் மனைவியிடம் காதைத் திருப்பிக் காட்டி, “ஆன்ட்டி, பாருங்க, எனக்கும் காது உடைஞ்சிருச்சு!” என்று குதித்தாள். முதல் பல் விழுந்த குழந்தை ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரியுமே, அந்தச் சந்தோஷம்.

2018 ஏப்ரலில் கோல்ட் கோஸ்ட்டில் உங்கள் போட்டி நடந்தது. தாவூஜி டிவியைத் தூக்கி முற்றத்தில் வைத்துவிட்டார். கயிற்றுக் கட்டில்களில் பெரியவர்கள், தரையில் பிள்ளைகள், நடுவில் ஹூக்கா. இந்தியாவிலிருந்து 12 மல்யுத்த வீரர்கள் போயிருந்தார்கள். 12 பேரும் பதக்கத்தோடு திரும்பினார்கள்: 5 தங்கம், 3 வெள்ளி, 4 வெண்கலம். வினேஷ் போகத் தங்கம் வென்ற அன்று பாப்பா தன் அண்ணனின் இரண்டு காலையும் வாரிப் பிடித்து முற்றத்திலேயே மல்லாக்கப் போட்டாள். ‘நான் எப்போ போவேன்?’ என்று தாத்தாவைக் கேட்டாள். அவர் விரல் விட்டு எண்ணி, ‘2026’ என்றார். அப்போது அவளுக்கு இருபது வயதாகியிருக்கும்.

அந்த 2026-ல்தான் மல்யுத்தம் இல்லை.

2024 அக்டோபர் 22 அன்று கிளாஸ்கோவுக்கான பட்டியலை வெளியிட்டீர்கள். பத்தே விளையாட்டுகள், நான்கே மைதானங்கள், எல்லாம் எட்டு மைல் தூரத்துக்குள். முதலில் 2026 போட்டியை நடத்துவதாக இருந்த ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2023 ஜூலையில் செலவைக் காட்டிக் கைகழுவிய பிறகு, போட்டியே நின்றுபோகாமல் காப்பாற்ற கிளாஸ்கோ முன்வந்தது. அதற்காக அந்த ஊருக்கு நான் மனதார நன்றி சொல்கிறேன். மாற்றுத்திறனாளிகளின் போட்டிகளை மற்றவர்களுடைய போட்டிகளோடு சேர்த்தே நடத்தும் உங்கள் வழக்கத்தை, அத்தனை நெருக்கடியிலும் நீங்கள் விடவில்லை. அதுவும் பெரிய விஷயம். கையில் இருக்கும் பணத்துக்கு ஏற்றபடி சுருக்கித்தான் நடத்த முடியும் என்பது வங்கியில் காலம் தள்ளிய எனக்கு நன்றாகவே புரியும்.

பணத்தையே கணக்குப் பார்ப்போம். அப்போதும் மல்யுத்தத்தை எடுத்ததற்குக் காரணம் கிடைக்கவில்லை.

கிளாஸ்கோ பட்டியலில் ஜூடோ இருக்கிறது. இருக்க வேண்டியதுதான், அருமையான விளையாட்டு. 2014-ல் இதே கிளாஸ்கோவில், ஆற்றங்கரையில் உள்ள கண்காட்சி வளாகத்தில்தான் ஜூடோ நடந்தது. அதே வளாகத்தில்தான் மல்யுத்தமும் நடந்தது. 2022 பர்மிங்ஹாம் போட்டியின்போது கோவென்ட்ரி அரங்கில் ஆகஸ்ட் 1 முதல் 3 வரை ஜூடோ. அதே அரங்கில் 5, 6 தேதிகளில் மல்யுத்தம். ஆண்களுக்கு ஆறு, பெண்களுக்கு ஆறு என்று 12 எடைப் பிரிவுகளையும் இரண்டே நாளில் முடித்துவிட்டீர்கள். முதல் நாள் மேலேயிருந்து ஒலிபெருக்கி ஒன்று விழுந்து, கூட்டத்தை வெளியேற்றிச் சோதனை போட்டதில் நேரம் போனது. அப்படியும் இரண்டே நாளில் முடிந்தது.

ஒரு குஸ்திக்கு என்ன வேண்டும்? 12 மீட்டருக்கு 12 மீட்டர் மேட். அதில் 9 மீட்டர் விட்டத்துக்கு ஒரு வட்டம். எடை பார்க்க ஒரு தராசு. ஒரு விசில், சிவப்பு நீலத்தில் ஆடை, ரத்தம் சிந்தினால் துடைக்க ஒரு வாளியும் துணியும். மூன்று நிமிஷம் ஒரு சுற்று, அப்படி இரண்டு சுற்று. குதிரை வேண்டாம், படகு வேண்டாம், தனியாக ஒரு மைதானம் வேண்டாம். ஜூடோவுக்கு வாடகைக்கு எடுத்த மண்டபம், அதற்குப் போட்ட நாற்காலி, அதற்கு வைத்த விளக்கு எல்லாம் அப்படியே இருக்கும். உங்கள் பட்டியலில் இருக்கும் சைக்கிள் பந்தயத்துக்கு வேண்டிய ஓடுதளத்தையும் நீச்சலுக்கு வேண்டிய குளத்தையும் இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவற்றை எடுங்கள் என்று நான் சொல்லவில்லை. இருப்பதிலேயே மலிவான ஒன்றைச் செலவைக் காட்டி எடுத்ததுதான் எனக்குப் புரியவில்லை.

இதைவிட என்னை உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. மல்யுத்தம் முதலில் விழுந்தது கிளாஸ்கோ பட்டியலிலேயே இல்லை. 2022 அக்டோபரில் விக்டோரியா 2026-க்கான பட்டியல் வந்தது. ஞாபகம் இருக்கும். ஜீலாங், பெண்டிகோ, பல்லாரட் என்று ஊர் ஊராக நடத்துவதாக இருந்த பெரிய போட்டி அது. 20 விளையாட்டுகள். கோல்ஃப் இருந்தது, கடலோரத் துடுப்புப் படகு இருந்தது, மலையேறும் சைக்கிள் இருந்தது. மல்யுத்தம் இல்லை. அப்போது பணத்தட்டுப்பாடு என்று யாரும் சொல்லவில்லை. பர்மிங்ஹாம் முடிந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஆக, கிளாஸ்கோவில் சிக்கனத்துக்காக எடுத்தோம் என்று சொன்னால், அதற்கு முன்பே ஏன் எடுத்தீர்கள் என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். எங்கள் ஊர் மல்யுத்தச் சம்மேளனத்தில் நடந்த குழப்பங்களைச் சிலர் காரணமாகச் சொல்கிறார்கள். தேதியைப் பாருங்கள். சம்மேளனத் தலைவர்மேல் பாலியல் தொல்லைப் புகார் சொல்லி, டெல்லி ஜந்தர் மந்தரில் வீராங்கனைகள் போராட்டத்துக்கு உட்கார்ந்தது 2023 ஜனவரியில். உங்கள் பட்டியல் அதற்கு மூன்று மாதம் முந்தியது. அந்தப் பிள்ளைகள் தங்கள் மானத்துக்காகத் தெருவில் உட்கார்ந்திருந்த நேரத்தில், அவர்களுடைய களத்தை ஏற்கனவே ஒருத்தர் சுருட்டி வைத்துவிட்டிருந்தார் என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

சாக்ஷி மாலிக்கைப் பற்றி இங்கே சொல்லாமல் போக முடியாது.

2022 ஆகஸ்ட் 5. அப்போது நான் தமிழ்நாட்டுக்குத் திரும்பிவிட்டேன். மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்துகொண்டிருந்த நேரம். பகலெல்லாம் அங்கே இருந்துவிட்டு, இரவு சென்னையில் மகன் வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்தோம். மாமல்லன் என்றால் பெரிய மல்லன், மற்போரில் வல்லவன். பல்லவ அரசன் நரசிம்மவர்மனுக்கு அந்தப் பட்டம், அவன் பெயரால் அந்த ஊர். மல்லன் பெயர் கொண்ட ஊரில் பகலையும், மல்லர்களைப் பார்ப்பதில் இரவையும் கழித்த நாள் அது.

62 கிலோ இறுதிப் போட்டி. எதிரே கனடாவின் கோடினஸ் கொன்சாலஸ். முதல் சுற்று முடியும்போது சாக்ஷி 0-4 என்று பின்தங்கியிருந்தார். சோனிப்பட்டிலிருந்து வீடியோ அழைப்பில் பாப்பா. அவள் முகம் தெரியவில்லை, போனை டிவி பக்கம் திருப்பி வைத்திருந்தாள், மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. இரண்டாவது சுற்று தொடங்கியதும் சாக்ஷி குனிந்தார், எதிராளியின் இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்தார், சாய்த்தார், மேலே விழுந்தார். இரண்டு தோளும் மேட்டில் பட்டன. நடுவர் தரையைத் தட்டினார். அவ்வளவுதான். புள்ளிக்கணக்கெல்லாம் பொருளில்லாமல் போய்விட்டது. 2014 கிளாஸ்கோவில் வெள்ளி, 2018-ல் வெண்கலம், பிறகு இந்தத் தங்கம். மேடையில் தேசிய கீதம் ஒலித்தபோது அவர் அழுததைப் பார்த்து என் மனைவியும் அழுதார். போனில் பாப்பா சத்தம் போட்டதில் பக்கத்து வீட்டு விளக்கு எரிந்தது.

அடுத்த வருஷம் டிசம்பர் 21 அன்று அதே சாக்ஷி டெல்லியில் பத்திரிகையாளர்கள் முன்னால் இனிக் குஸ்தி இல்லை என்று சொல்லி, தன் குஸ்தி ஷூவைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து போனார். அதற்கான பொறுப்பு உங்களுடையது இல்லை, எங்கள் நாட்டுடையது. அதற்கு நாங்கள் வெட்கப்பட வேண்டும். ஆனால் அந்த மேஜையிலிருந்து ஷூவை எடுத்துப் போட்டுக்கொண்டு அடுத்த தலைமுறைப் பெண் போய் நிற்க ஒரு மேடை வேண்டுமே. அது உங்கள் கையில் இருக்கிறது.

இந்தியாவுக்குப் பதக்கம் குறைகிறதே என்ற ஆத்திரத்தில் எழுதுகிறான் என்று நீங்கள் நினைக்கலாம். பர்மிங்ஹாமில் இந்தியா வாங்கிய 61 பதக்கங்களில் 12 மல்யுத்தத்தில், 22 தங்கத்தில் 6 மல்யுத்தத்தில். அந்த வருத்தம் எனக்கு உண்டு, மறைக்கவில்லை. இந்தியா இந்தப் போட்டியில் வாங்கிய முதல் பதக்கமே குஸ்தியில்தான்: 1934 லண்டனில் ரஷீத் அன்வர் வென்ற வெண்கலம். அந்த வருஷம் நாங்கள் வாங்கியதும் அது ஒன்றுதான். 1958 கார்டிஃபில் மில்கா சிங் ஓடி வாங்கிய தங்கத்தை எல்லோருக்கும் தெரியும். அதே கார்டிஃபில் லீலா ராம் குஸ்தியில் ஒரு தங்கம் வாங்கியது இங்கேயே நிறையப் பேருக்குத் தெரியாது. 2010 டெல்லியில் கீதா போகத் வாங்கிய தங்கம் இல்லாவிட்டால், பாப்பாவை ஸ்கூட்டரில் உட்காரவைத்து அகாடாவுக்குக் கூட்டிப்போகும் தைரியம் தாவூஜிக்கு வந்திருக்காது. இதை அவரே என்னிடம் சொன்னார்.

ஆனால் இந்தியாவை விட்டுவிடுங்கள். இந்தியாவுக்கு ஆசியப் போட்டி இருக்கிறது, ஒலிம்பிக் இருக்கிறது, பணமும் இருக்கிறது. பாகிஸ்தானைப் பாருங்கள். பர்மிங்ஹாமில் அந்த நாடு வாங்கிய வெள்ளிப் பதக்கங்கள் 3, மூன்றுமே மல்யுத்தத்தில். நைஜீரியாவின் ஒடுனாயோ அடெகுவோரோயே 2014, 2018, 2022 என்று மூன்று போட்டியிலும் தங்கம். கடைசித் தங்கத்தை எங்கள் அன்ஷு மாலிக்கைத் தோற்கடித்து வாங்கினார். அன்றைக்கு எனக்கு வருத்தம்தான், ஆனாலும் என்ன அழகான குஸ்தி அது! அப்புறம் இலங்கை. நெத்மி பொருதொட்டகே, பதினெட்டு வயது, 57 கிலோ பிரிவில் வெண்கலம். அந்த முறை இலங்கைக்குக் கிடைத்ததே மொத்தம் நான்கு பதக்கம். ஒரு சின்னத் தீவு, அதன் பொருளாதாரம் தரைமட்டமாகி மக்கள் பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற அதே வருஷம், ஒரு பள்ளிக்கூட வயதுப் பெண் பதக்கத்தோடு வீட்டுக்குப் போனாள். அவளுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு நீங்கள் என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

நாலைந்து நாடுகளே பதக்கத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன என்று மல்யுத்தத்தின்மேல் ஒரு குறை உண்டு. முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். சில எடைப் பிரிவுகளில் ஆட்கள் குறைவாகத்தான் வருகிறார்கள். ஆனால் பெண்கள் ஆடும் நெட்பாலைப் பாருங்கள். 1998-ல் சேர்த்ததிலிருந்து 2022 வரை ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இங்கிலாந்து, ஜமைக்கா என்ற நான்கு நாடுகளைத் தவிர வேறு யாரும் அதில் பதக்கம் வாங்கியதில்லை. அதற்காக நெட்பாலை எடுங்கள் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்க மாட்டேன். அந்தப் பெண்களுக்கு இதைவிடப் பெரிய மேடை கிடையாது, அது அவர்களுக்கு வேண்டும். அதே நியாயத்தை லாகூர் பயில்வானுக்கும் லாகோஸ் பயில்வானுக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கிளாஸ்கோவில் விடுபட்டது மல்யுத்தம் மட்டும் இல்லை என்பதும் தெரியும். ஹாக்கி இல்லை, பேட்மின்டன் இல்லை, டேபிள் டென்னிஸ் இல்லை, ஸ்குவாஷ் இல்லை. 2014-ல் இதே கிளாஸ்கோவில்தான் எங்கள் சென்னைப் பெண்கள் தீபிகா பள்ளிக்கலும் ஜோஷ்னா சின்னப்பாவும் ஸ்குவாஷில் இந்தியாவுக்கு முதல் தங்கம் வாங்கினார்கள். அவர்களுக்காகவும் எழுத ஆட்கள் இருப்பார்கள், எழுத வேண்டும். நான் எனக்குத் தெரிந்த மண்ணைப் பற்றி எழுதுகிறேன்.

ஒரு காமன்வெல்த் பதக்கம் அந்த மண்ணில் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியுமா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. பர்மிங்ஹாமில் தங்கம் வாங்கினால் ஒன்றரைக் கோடி, வெள்ளிக்கு 75 லட்சம், வெண்கலத்துக்கு 50 லட்சம் என்று ஹரியானா அரசு கொடுத்தது. கூடவே வேலை: போலீஸில், ரயில்வேயில். இரண்டு ஏக்கர் கோதுமையும் மூன்று எருமையும் வைத்திருக்கும் குடும்பத்தில், அந்த ஒரு பதக்கம் அண்ணனுடைய கடனை அடைக்கும், தங்கையின் படிப்பைப் பார்க்கும், எல்லாவற்றுக்கும் மேலாக ‘பெண்ணுக்கு எதுக்கு குஸ்தி’ என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரரின் வாயை மூடும். நான் அந்த ஊர்க் கிளையில் கடன் விண்ணப்பங்களைப் பார்த்தவன். பிள்ளையின் சாப்பாட்டுக்கும் டெல்லிப் பயிற்சிக்கும் நகையை அடகு வைத்த அப்பாக்கள் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். ஒலிம்பிக்கைக் காட்டி யாரும் கடன் கேட்டதில்லை, அது அவர்களுக்கு எட்டாத வானம். ‘அடுத்த காமன்வெல்த்துக்கு ரெடியாகுறா, சார்’ என்றுதான் சொல்வார்கள்.

ஒலிம்பிக்கே ஒருமுறை இந்தத் தவறைச் செய்யப் பார்த்தது. 2013 பிப்ரவரி 12 அன்று லொசானில் கூடிய ஒலிம்பிக் நிர்வாகக் குழு, 2020 முதல் மல்யுத்தத்தை நிரந்தர விளையாட்டுகளிலிருந்து எடுக்கப் பரிந்துரைத்தது. பழைய கிரேக்க ஒலிம்பிக்கில் கி.மு. 708-லிருந்து இருந்த விளையாட்டு. பல்கேரியாவின் வாலென்டின் யோர்தானோவ் தான் வென்ற தங்கத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஒன்றோடு ஒன்று முகம் பார்க்காத அமெரிக்காவும் ஈரானும், ரஷ்யாவையும் சேர்த்துக்கொண்டு, நியூயார்க்கின் பெரிய ரயில் நிலையத்துக்குள்ளேயே மேட் போட்டுக் குஸ்தி நடத்தின. மல்யுத்தக்காரர்களும் தங்களைத் திருத்திக்கொண்டார்கள். உலகச் சம்மேளனத்தின் தலைவர் மாறினார், குழப்பமான புள்ளி விதிகள் போய் எளிமையான விதி வந்தது, பெண்களுக்கான எடைப் பிரிவுகள் நான்கிலிருந்து ஆறாயின. செப்டம்பர் 8 அன்று புவெனஸ் அயர்ஸில் நடந்த வாக்கெடுப்பில் மல்யுத்தத்துக்கு 49 வாக்குகள் விழுந்தன, திரும்ப வந்துவிட்டது. ஏழே மாதம்.

அங்கே காரணம் சொல்லிக் கேட்டார்கள், திருத்திக்கொள்ள வழி இருந்தது. நீங்கள் மல்யுத்தத்திடம் என்ன திருத்தம் கேட்டீர்கள்? பிரிவுகளைக் குறைக்கச் சொன்னீர்களா? ஒரு நாட்டுக்கு ஆறு பேர் போதும் என்றீர்களா? அப்படி ஏதாவது வெளியே சொல்லியிருந்தால் அதைப் பற்றிப் பேசலாம், சண்டை போடலாம், ஒத்துக்கொள்ளலாம். பட்டியலில் பெயர் இல்லை என்ற ஒரு வரியோடு முடிந்துபோனதுதான் வலிக்கிறது. இதற்கு முன்னாலும் 1990 ஆக்லாந்து, 1998 கோலாலம்பூர், 2006 மெல்போர்ன் என்று மூன்று முறை இப்படி விட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு தலைமுறை அந்த இடைவெளியில் விழுந்தது. பயில்வானின் நல்ல காலம் என்பது ஆறேழு வருஷம். அதில் ஒரு போட்டி போனால் பாதி போய்விட்டது.

கிளாஸ்கோ ஜூலை 23 அன்று தொடங்குகிறது. அதை இனி மாற்ற முடியாது, தெரியும். நான் கேட்பது 2030.

2025 நவம்பர் 26 அன்று அகமதாபாத்துக்கு அந்தப் போட்டியைக் கொடுத்தீர்கள். நூறாவது வருஷம். 1930-ல் கனடாவின் ஹாமில்டனில் தொடங்கிய முதல் போட்டியிலேயே மல்யுத்தம் இருந்தது. 2030-ல் 15 முதல் 17 விளையாட்டுகள் என்கிறீர்கள். தடகளம், நீச்சல், டேபிள் டென்னிஸ், பவுல்ஸ், பளுதூக்குதல், ஜிம்னாஸ்டிக்ஸ், நெட்பால், குத்துச்சண்டை இவையெல்லாம் உறுதி. மல்யுத்தத்தைப் பரிசீலனை வரிசையில் நிறுத்தியிருக்கிறீர்கள். இந்தியாவில் நடப்பதால் எப்படியும் சேர்த்துவிடுவார்கள் என்று இங்கே பலர் தைரியமாக இருக்கிறார்கள். எனக்கு அந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. நடத்தும் நாட்டின் தயவில் வந்தால், 2034-ல் வேறு நாட்டின் தயவில் போய்விடும். லாகூரிலும் லாகோஸிலும் கொழும்பிலும் பழகுகிற பிள்ளைக்கு அடுத்த போட்டி எங்கே நடக்கிறது என்று பார்த்துத்தான் கனவு காண வேண்டுமா? குத்துச்சண்டையை வைத்திருக்கும் அதே உறுதியான வரிசையில் மல்யுத்தத்தையும் வையுங்கள். எந்த நாடு நடத்தினாலும் அது இருக்கும் என்று எழுதிக் கொடுங்கள். 12 பிரிவு அதிகம் என்றால் எட்டாக்கிப் பேசுங்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாக இருந்தால் போதும்.

போன மாதம் சோனிப்பட்டுக்குப் போய்வந்தேன். தாவூஜி இப்போது ஸ்கூட்டர் ஓட்டுவதில்லை, பாப்பாதான் அவரைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டுகிறாள். இரண்டு காதும் இறுகிவிட்டன. 53 கிலோவில் சண்டை போடுகிறாள். கிளாஸ்கோவைப் பற்றி அவளிடம் நான் பேச்செடுக்கவில்லை. அவளாகத்தான், சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டே, “அங்கிள், ஜூடோ இருக்குல்ல, அப்போ மண்டபம் இருக்குன்னுதானே அர்த்தம்?” என்று கேட்டாள். எனக்குச் சொல்லப் பதில் இல்லை. தாவூஜி ஹூக்காவைக் கீழே வைத்துவிட்டு மறுபடி விரல் விட்டு எண்ணினார். 2030-ல் அவளுக்கு இருபத்துநான்கு.

அவள் கேட்ட கேள்வியைத்தான் உங்களுக்கு அனுப்புகிறேன். 2030 பட்டியலை முடிவு செய்ய நீங்கள் உட்காரும் நாளில், கோவென்ட்ரி அரங்கில் வேலை பார்த்தவர்களில் யாராவது ஒருவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். 2022 ஆகஸ்ட் 3 இரவு ஜூடோ முடிந்தது, 5 காலை குஸ்தி தொடங்கியது. நடுவில் இருந்தது ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளில் ஜூடோ பாயைச் சுருட்டிவிட்டுக் குஸ்தி மேட்டை விரித்தது எவ்வளவு சிரமமாக இருந்தது என்று அவரே சொல்லட்டும்.

அன்புடன்,
சோனிப்பட்டில் மூன்று வருஷம் குடியிருந்த ஒரு மதுரைக்காரன்